சீல் வச்ச டப்பா

அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம் பறந்தான். டப்பாவுல ஒரு கோடு கூட பதியல. அவ்ளோதான் நடந்தது. சேலத்துலருந்து பஸ்ஸேறி வந்து கேக்கற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

ஒக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல.

ப்ளேன் எங்க போச்சு, எவ்ளோ உயரம் போச்சுன்னு பதியற லாகர்ல எத வாங்கலாம், எது விலை கம்மி, எத நம்பலாம். அதானே? காலேஜுல கிளைடர் கிளப் ஆரம்பிக்கறீங்க. எஞ்சின் இல்லாத ப்ளேன ஓட்டப் போறீங்க. சந்தோஷம். ரத்தினவேல் சார்தானே அனுப்பினாரு? அனுப்புவாரு. எங்க கிளப்புக்கு செக்ரெட்டரி அவரு. ஆனா கேள்வின்னு எவன் வந்தாலும், மூக்கண்டப்பள்ளில கௌஸ் மொய்தீன் வீடு எங்கன்னு வழி சொல்லிடுவாரு.

சாயா குடிங்க. கருப்பு சாயாதான். பால் இல்ல, கெட்டுப்போச்சு. ஏன்னு கேக்காதீங்க. காலையிலேயே வீட்டுல கேட்டாச்சு.

பேனாவ மூடுங்க. மொதல்ல கேளுங்க, அப்பறம் எழுதலாம்.

முப்பது வருஷம் கேஜ் ரூம்ல இருந்தவன் நான். பத்து பெங்களூர்ல, இருவது இங்க. பாக்டரியில எல்லாத்தையும் அளக்கற கருவி இருக்கும்ல, அந்தக் கருவி சரியா அளக்குதான்னு அளக்கற எடம் கேஜ் ரூம். மைக்ரான் வேலை. தலமுடி தடிமன்ல எழுவதுல ஒரு பங்கு. அதுல தப்பு வந்தா என்னைத்தான் கூப்புடுவாங்க. ரிட்டயர் ஆன மூணாம் மாசம் ரத்தினவேல் சார் வந்தாரு. பாய், சும்மாதானே இருக்கீங்க, கிளப்புக்கு அப்சர்வரா வாங்கன்னாரு. சும்மா இருக்கறேன்னு இவருக்கு யார் சொன்னதுன்னு தெரியல. போனேன்.

அப்சர்வர்னா சாட்சி. பறக்கறவன் மேல போறதுக்கு முன்னாடி பதியற கருவிய மூடி, கம்பி கோத்து, ஈயத்துல சீல் வைக்கணும். எறங்கினதும் எல்லார் முன்னாடியும் சீல வெட்டணும். என்னா பதிஞ்சிருக்குன்னு பாத்து கையெழுத்து போடணும். நான் கையெழுத்து போடலன்னா அவன் பறக்கல. நாள் பூரா பறந்திருந்தாலும் பறக்கல.

விரலப் பாக்கறீங்க. பாருங்க, எல்லாரும்தான் பாக்கறாங்க. எழுவத்திநாலாம் வருஷம். பெங்களூர்ல பிரஸ்ஸுக்குள்ள கைய விட்டு அளவு பாத்துக்கினு இருந்தேன். எவனோ மெயின ஆஃப் பண்ணாம சாப்பிடப் போயிருந்தான். ரெண்டு விரல் நுனி. அதோட விட்டுச்சு. அதுக்கப்பறம் என் ஷிப்டுல ஒருத்தனுக்கும் நகம் கூட போனதில்ல. மூடியத் தொடறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணணும். புதுசா சேர்றவனுக்கு நான் சொல்லிக் குடுக்கறது அது ஒண்ணுதான். சரி, அத விடுங்க.

பழைய கருவி ஒண்ணு இருந்துச்சு. அந்த அலமாரி மேல இருக்கு பாருங்க, துணி சுத்தி. கடிகார மிஷின் வச்ச டிரம். டிரம்முல அலுமினியத் தாள் சுத்தி, கற்பூரப் பொக காட்டி கருப்பாக்கணும். ப்ளேன் மேல போவ போவ ஊசி அந்தக் கருப்புல கோடு கிழிக்கும். மாசா மாசம் பூஜைக் கடையில கற்பூரம் வாங்கற பாய் ஓசூர்லயே நான் ஒருத்தன்தான். கடைக்காரன் ஒரு நாள் கேட்டே கேட்டுட்டான், என்னா பாய் விசேஷம்னு. ப்ளேனுக்குன்னேன். அப்பறம் அவன் எதுவும் கேக்கல.

நல்ல கருவி. தொண்ணூத்தேழு தீவாளி லீவுல ஜீப்புலருந்து கீழ விட்டுட்டாங்க. யார் விட்டதுன்னு இன்னி வரைக்கும் எவனும் ஒத்துக்கல. மூணு தடவ சரி பண்ணேன். மூணு தடவயும் நூறு மீட்டர் பொய் சொல்லுச்சு. தூக்கி மேல வச்சிட்டேன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். ஜி.பி.எஸ். வச்சது வாங்கலாம்னாங்க. மொத்தம் மூணு பாத்தோம்.

ஒண்ணு ஜெர்மன்காரனுது. கொற சொல்ல ஒண்ணும் இல்ல. விலையக் கேட்டுட்டு ரத்தினவேல் சார் தண்ணி கேட்டாரு. எழுதாதீங்க, அத நீங்க வாங்கப் போறதில்ல.

ரெண்டாவது, காட்டுல மலையில சுத்தறவன் கையில வச்சிக்கறது. விலை கம்மி. இதே மேசை மேல காலையில வச்சேன். சாயந்தரம் வரைக்கும் அசைக்கல. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, அது பள்ளிவாசல் வரைக்கும் போயிருக்கு, ரேஷன் கடைக்கு போயிருக்கு, எதிர்வீட்டு மாடியில ஏறி எறங்கியிருக்கு. என்னாடா இதுன்னா, அமெரிக்காக்காரன் வேணும்னே நூறு மீட்டர் கலக்கி விடறானாம். மைக்ரான் பாத்தவன் கிட்ட வந்து நூறு மீட்டர் முன்னபின்ன இருக்கும் பாய்ங்கறாங்க. இதுல உயரம் அளக்க காத்தழுத்தம் பாக்கற கருவியும் இல்ல, சீல் வைக்க ஓட்டையும் இல்ல. எழுதிக்கிங்க. அது வேணாம்.

மூணாவது அந்த டப்பா. ஐரோப்பாவுல எவனோ ஒருத்தன் வீட்டுலயே ஒக்காந்து செய்யறான். சாம்பக் கலரு, பிளாஸ்டிக்கு, சோத்து டப்பா சைசு. ஜி.பி.எஸ்ஸும் உண்டு, காத்தழுத்தமும் உண்டு. சட்டப்படி செல்லும். விலை ஜெர்மன்காரனுதுல பாதி கூட இல்ல. ரத்தினவேல் சாரோட மச்சான் பெட்டியில துணிக்கு நடுவுல வச்சி கொண்டு வந்தாரு. கூட ஒரு காகிதம். அதுல ஒரு எழுத்து எவனுக்கும் புரியல. இங்க தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், தெலுங்கு தெரியும், எங்க வீட்டுல உருது தெரியும். அந்த பாஷை மட்டும் தெரியல.

ப்ளேன் பேட்டரிலருந்து ஒரு வயர் டப்பாவுக்கு வரும். ஸ்விட்ச்சு மூடிக்கு உள்ள. பக்கத்துலயே ஒரு சின்னப் பச்ச விளக்கு, அதுவும் உள்ள. மூடிட்டா விளக்கு தெரியாது. இத மட்டும் ஞாபகம் வச்சிக்கிங்க.

இப்ப அவன். சென்னகிருஷ்ணன். ஊரு பேரிகை. அப்பன் அடுத்தவன் தோட்டத்துல கூலி. இவன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு பாக்டரியில காண்ட்ராக்ட்ல லேத் ஓட்டினான். ஞாயித்துக்கிழம கிளப்புக்கு வருவான், வின்ச் கயிறு இழுக்க. வின்ச்சுன்னா ப்ளேன மேல இழுத்து விடற மிஷின். பழைய லாரி எஞ்சின்ல செஞ்சது. அத ஓட்டறவன் ஆஞ்சப்பன். அந்த எஞ்சின தெலுங்குலதான் திட்டுவான், தமிழ்ல திட்டினா ஸ்டார்ட் ஆவாதாம். அவன் கூட கயிறு இழுத்து இழுத்து, நாலு வருஷத்துல இந்தப் பையன் எங்க எல்லாரையும் விட நல்லா ப்ளேன் ஓட்டினான். பருந்து எங்க சுத்துதோ அங்க போவான். மூக்கால மோந்து பாக்கற மாதிரி, ப்ளேன மேல தூக்கற சூட்டுக் காத்த கண்டுபுடிப்பான்.

தொண்ணூத்தெட்டு பிப்ரவரியோட அவனுக்கு காண்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சி. வடக்க ஒரு கிளப்புல உதவி மாஸ்டர் வேலை இருக்குன்னு எழுதியிருந்தாங்க. சம்பளம், தங்க எடம். ஆனா சில்வர் பேட்ஜ் வேணும். மூணு பரீட்ச. அம்பது கிலோமீட்டர் தூரம், அத மின்ன வருஷமே டிரம்ம வச்சி முடிச்சிட்டான். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு கம்பங்காட்டுல எறங்கி, காட்டுக்காரன் கிட்ட அடி வாங்காம வந்தான். பாக்கி, அஞ்சு மணி நேரம் எறங்காம பறக்கணும், ஆயிரம் மீட்டர் உயரம் ஏறணும். ஒரே நாள்ல ரெண்டையும் முடிக்கலாம். ஏப்ரல் முப்பதுக்குள்ள காகிதம் அங்க போய்ச் சேரணும். இல்லன்னா வேற ஆளு.

மார்ச்சு இருவத்திரெண்டு. நல்ல வெயிலு. சூளகிரி பக்கம் பாறை எல்லாம் காஞ்சி கெடந்துச்சு. நான்தான் டப்பாவ ஆன் பண்ணேன். பச்ச விளக்கு எரிஞ்சிச்சு, பாத்தேன். மூடினேன். கம்பி கோத்தேன். சீல் வச்சேன். ஆஞ்சப்பன் இழுத்து விட்டான்.

பத்தே முக்காலுக்கு போனவன் மூணு அம்பத்தஞ்சுக்கு எறங்கினான். நான் வெயில்லயே ஒக்காந்து அண்ணாந்து பாத்து பாத்து கழுத்து புடிச்சிக்கிச்சு. தண்ணி எடுத்துக்கினு போவல அவன், குடிச்சா ஒண்ணுக்கு வரும்னு. உதடு வெடிச்சிருந்துச்சு. பாய், மேல ஜில்லுன்னு இருந்துச்சு பாய்ன்னான். அது ஒண்ணுதான் சொன்னான்.

பேட்டரி வயர கழட்டிட்டுதான் டப்பாவ எடுப்போம், அதனால விளக்கு எரியாதது யாருக்கும் வித்தியாசமா படல. சீல வெட்டி கம்ப்யூட்டர்ல மாட்டினா, காலி. மேசை மேல நான் சோதிச்சு பாத்தது மட்டும் இருக்கு. அன்னைக்கு தேதியில ஒண்ணும் இல்ல. ஆஞ்சப்பன் சொன்னான், பாய், பையன் மட்டுந்தான் பறந்தானாம், உங்க டப்பா கீழயே நின்னுடுச்சாம். நான் சிரிக்கல.

டப்பா குப்பைன்னாரு ரத்தினவேல் சாரு. யார் வாங்கினது அந்தக் குப்பையன்னேன். இந்த மேசையில வச்சி பன்னெண்டு மணி நேரம் ஓட்டினேன். ஓடுச்சு. ஒரு நிமிஷம் விடல. பெங்களூர் எஸ்.பி. ரோட்டு ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கினு போனேன், அங்க ஒருத்தன் பிரிச்சி பாத்துட்டு, சன்னாகிதே சார், நல்லாத்தான் இருக்கு, எதுக்கு எடுத்துட்டு வந்தீங்கன்னான். மறுபடி மேசை. மறுபடி ஓடுச்சு. எட்டு நாள்ல எட்டு தடவ. மூடியத் தொறந்து வச்சிக்கினு, பச்ச விளக்கப் பாத்துக்கினே ஒக்காந்திருந்தேன். அணையல.

ஏப்ரல் பன்னெண்டு. ரெண்டாவது தடவ. நானேதான் ஆன் பண்ணேன். விளக்கப் பாத்தேன், ரத்தினவேல் சாரையும் கூப்பிட்டு காட்டினேன். மூடினேன், சீல் வச்சேன். அஞ்சு மணி இருவத்தஞ்சு நிமிஷம் பறந்தான். எறங்கினான்.

காலி.

நீங்க என்னா நெனப்பீங்க? சொல்லுங்க. கீழ ஓடுது. மேல ஓடல. மேல யாரு இருக்கறான்? ஒருத்தன்தான் இருக்கறான். சீல் அப்படியே இருக்கு, ஆனா வயர் வெளிய இருக்குல்ல, அத புடுங்கலாம்ல. எதுக்கு புடுங்குவான்னீங்கன்னா, எங்களுக்கு எல்லை இருக்கு. கெலவரப்பள்ளி டேம் தாண்டி பெங்களூர் பக்கம் போவக் கூடாது. அது பெரிய ப்ளேன் வர்ற வழி. போனா கிளப்பையே மூடிடுவாங்க. டப்பாவுல எங்க போனான்னு எல்லாம் பதியும். ரத்தினவேல் சார்தான் மொதல்ல சொன்னாரு. காத்து தேடிக்கினு அந்தப் பக்கம் போயிருப்பான் பாய், தெரியக் கூடாதுன்னு வயர புடுங்கியிருப்பான்னு.

சொன்னது அவரு. எழுதினது நான். அப்சர்வர் ரிப்போர்ட்டுல. பைலட் கை வச்சிருக்கலாம். அஞ்சாறு வார்த்த. இங்கிலீஷ்ல.

அவன கூப்பிட்டு காட்டினேன். மறைச்சி எழுதறவன் இல்ல நான். படிச்சான். ரெண்டு தடவ படிச்சான். கத்துவான்னு நெனச்சேன். தொப்பிய எடுத்து டேபிள் மேல வச்சிட்டு, நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் பாய்ன்னுட்டு சைக்கிள எடுத்துக்கினு போயிட்டான். ஆஞ்சப்பன் ஒரு வாரம் என் கூட பேசல. வின்ச்ச மட்டும் தமிழ்ல திட்டினான், எனக்கு கேக்கற மாதிரி.

என்னா பாக்கறீங்க. டப்பாவப் பத்தி கேக்க வந்தீங்க, டப்பாவப் பத்திதான் சொல்றேன்.

சாயா ஆறுது. குடிங்க.

அடுத்த ஞாயித்துக்கிழம கிருஷ்ணகிரியில கல்யாணம். வீட்டுல, என் சம்சாரத்தோட அண்ணன் மவளுக்கு. சனிக்கிழம போய் திங்கக்கிழம வந்தோம். கதவத் தொறந்தா நாத்தம். பிரிட்ஜுல ரெண்டு லிட்டர் பாலு, மசாலா தடவின கறி, எல்லாம் போச்சு. மெயின் ஆஃப் ஆயிருந்துச்சு. எங்க மெயின் பலகை வாசக்கதவு பக்கத்துலதான், அதோ. இது புதுசில்ல. பிரிட்ஜு வாங்கினதுலருந்து நடக்குது. வெளிய போயிட்டு வந்தா மெயின் கீழ கெடக்கும். அவ, நீங்கதான்ம்பா. நான் தொடவே இல்லம்பேன். கரண்ட் ஆபீஸ்காரன் மேல பழி போடுவேன். அவன் மேல போட்டா யாரும் நம்புவாங்க.

அன்னைக்கு அவ கத்தல. பையக் கீழ வச்சா. மெயின மேல தூக்கினா, பேன் சுத்துச்சு. செருப்ப போடுங்கன்னா. எதுக்குன்னேன். போடுங்க, எப்பவும் மாதிரி வீட்டப் பூட்டுங்கன்னா. நான் பூட்டறேன், அவ பின்னாடி நின்னுக்கினு கல்யாண பிரியாணியில உப்பு கம்மி, உங்களுக்கு தெரிஞ்சிச்சான்னு கேக்கறா. கம்மிதான்னேன். பூட்டிட்டேன்.

இப்ப என்னா என்னா பண்ணீங்கன்னா. செருப்பு போட்டேன், சாவி எடுத்தேன், பூட்டினேன், வேற என்னா. தொறங்கன்னா.

பேன் நின்னுக்கினு இருந்துச்சு. மெயின் கீழ.

சத்தியமா நான் தொடலன்னேன். நீங்க தொடல, உங்க கை தொட்டுச்சுன்னா.

அப்பறம் மொதக் கேள்வியே அதான் கேட்டா. அந்தப் பேரிகைப் பையனோட டப்பாவ மூடறதும் இந்தக் கைதானே?

டப்பா வீட்டுலதான் இருந்துச்சு. இதே மேசை. நான் ஆன் பண்ணேன், விளக்கப் பாத்தேன். அவ கறி விலை பேசறா, அண்ணன் பொண்டாட்டியப் பத்தி பேசறா, நான் பதில் சொல்லிக்கினே மூடறேன். தொறந்து பாக்கறோம். பத்து தடவ மூடினேன். எட்டு தடவ ஸ்விட்ச்சு ஆஃப்.

எட்டு.

மூடியத் தொடறதுக்கு முன்னாடி மெயினு. இருவத்திநாலு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது. மேசை மேல நல்லா ஓடுச்சுன்னா, ஓடாம? நான்தான் மூடவே இல்லியே.

மறுநா பேரிகைக்கு பஸ்ஸேறினோம். நான் மட்டும்தான் போறதா இருந்துச்சு. நீங்க போனா நின்னுட்டு திரும்பி வந்துடுவீங்கன்னு அவளும் வந்தா. அவ சொன்ன மாதிரியேதான் ஆச்சு. அவன் மார்க்கெட்ல தக்காளிக் கூடை ஏத்திக்கினு இருந்தான். நான் போயி நின்னேன். வாங்க பாய்ன்னான். அவதான் சொன்னா, மொதல்லருந்து கடைசி வரைக்கும், பிரிட்ஜு, கறி எல்லாம் சேத்து.

அவன் கூடைய எறக்கி வச்சான். பாய், நான் கூட என் கைதான் வயர்ல பட்டுடுச்சோ என்னவோன்னு இருந்தேன் பாய்ன்னான். ராவெல்லாம் யோசிச்சி பாத்தேன், எங்க பட்டுச்சுன்னு ஞாபகம் வரலன்னான்.

அடிச்சிருக்கலாம் என்னை.

ஏப்ரல் இருவத்தாறு. அதான் கடைசி ஞாயித்துக்கிழம. அவளும் மைதானத்துக்கு வந்தா. அதுக்கு மின்ன வந்ததே இல்ல. நான் ஆன் பண்ணேன். தள்ளி நில்லுங்கன்னா. மூடிய அவ மூடினா. ரத்தினவேல் சார் சட்டம் பேச வந்தாரு, அப்சர்வர்தானே பாய் செய்யணும்னு. சீல் நான் வைக்கிறேன் சார், மூடி யார் மூடணும்னு உங்க சட்டத்துல இல்லன்னேன். ஆஞ்சப்பன் வின்ச்சுலருந்து கத்தினான், அம்மா, பாய் ரெண்டு கையையும் புடிச்சிக்கங்க, நான் இழுக்கப் போறேன்னு. அவ நெசமாவே புடிச்சிக்கினா. எல்லாரும் பாத்தாங்க.

அஞ்சு மணி முப்பத்திரெண்டு நிமிஷம். ஆயிரத்து இருநூத்தி எம்பது மீட்டர் ஏறியிருந்தான். டேம் பக்கம் தலை கூட வைக்கல. எல்லாம் டப்பாவுல அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. காகிதம் இருவத்தொம்பதாந்தேதி போய்ச் சேந்துச்சு. பழைய ரிப்போர்ட்ட நான் கிழிக்கல. கிழிச்சா எழுதலன்னு ஆயிடும். அதுக்கு கீழயே எழுதினேன். ஸ்விட்ச்ச ஆஃப் செய்தது பைலட் அல்ல, சீல் வைத்தவர். கையெழுத்து.

ஜூன்ல வடக்க போயிட்டான். ரம்ஜானுக்கு கார்டு போடறான். பக்கத்துல சின்னதா எழுதுவான், பாய், மெயின் ஆன்ல இருக்கான்னு.

இப்ப பேனாவத் தொறங்க. அந்த விலை கம்மி டப்பாவே வாங்குங்க. டப்பா மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா மூடினப்பறமும் விளக்கு வெளிய தெரியற மாதிரி கேட்டு வாங்குங்க, இப்ப அப்படி வருதாம். இல்லன்னா மூடியில ஒரு ஓட்ட போடுங்க. எங்களுதுல நான் போட்டுட்டேன். சீல் வைக்கறவன் யாருன்னும் பாத்துக்கிங்க. பாக்டரியில ரொம்ப வருஷம் இருந்தவனா வேணாம்.

பாலா? அதான் சொன்னேனே. நேத்து சந்தைக்கு போயிட்டு வந்தோம்.

கோளாற கண்டுபுடிச்சது யாருன்னு எழுதணுமா. ரத்தினவேல் சாருன்னு எழுதாதீங்க. என் பேரும் போடாதீங்க. வீட்டுலன்னு போட்டா போதும்ல?

பேரு வேணுமா.

காத்தூன்.